ஷேர் ஆட்டோ வேகத்தில் மொனாக்கோ: ஃபார்முலா ஒன் விதிகளும் ஒரு புதூர்ப் பட்டறையும்

கோ.புதூர் சிட்கோ பக்கம் ஒரு லேத் பட்டறை. ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது, ஆனாலும் ஷட்டர் பாதி ஏறியிருக்கும். ஐரோப்பாவில் ஃபார்முலா ஒன் கார் ரேஸ் என்றால் பெரும்பாலும் நமக்குச் சாயங்காலம் ஆறரை மணி. ரேஸைக் காட்டும் ஃபேன்கோடு செயலிக்குச் சந்தா கட்டியவர் ஒருவர்தான், பார்க்கிறவர்கள் ஐந்தாறு பேர். பட்டறைக்காரரை எல்லாரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். அப்புறம் பாலிடெக்னிக் படிக்கிற தம்பி ஒருவன், வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற மாமா, டயர் கடை வைத்திருக்கிற மாப்பிள்ளை, நான்.

2025 மே 25 அன்று மொனாக்கோ ரேஸ் ஓடிக்கொண்டிருந்தது. லியாம் லாசன் உலகத்திலேயே வேகமான கார்களில் ஒன்றில் உட்கார்ந்துகொண்டு, பெரியார் பஸ் ஸ்டாண்டு ஷேர் ஆட்டோ மாதிரி உருட்டிக்கொண்டு போனார். பின்னால் பெரிய வரிசை. முந்த இடமே இல்லை. அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏப்பா, இவன் யாரையாச்சும் ஏத்தப் போறானா?"

அந்த வருடம் மொனாக்கோவுக்கு மட்டும் ஒரு தனி விதி போட்டிருந்தார்கள். ஒவ்வொரு காரும் குறைந்தது மூன்று செட் டயர் பயன்படுத்த வேண்டும், அதாவது இரண்டு தடவையாவது டயர் மாற்றுகிற பிட்டுக்குள் போய்வர வேண்டும். ஒரு தடவை போய்வர இருபது விநாடி போல ஆகும். பின்னால் வருகிறவர் அதைவிடத் தள்ளி இருந்தால், டயர் மாற்றிவிட்டு வந்தாலும் இடம் போகாது. அந்த இடைவெளியை உண்டாக்க, முன்னால் போகிற ஐசக் ஹாஜர் உயிரைக் கொடுத்து ஓட்டத் தேவையில்லை. பின்னால் இருக்கிற அவருடைய அணிக்காரர் லாசன் மெதுவாகப் போனால் போதும். மொனாக்கோ தெருவில் அவரை யாராலும் முந்த முடியாது. லாசன் அணை கட்டினார், ஹாஜர் இரண்டு பிட் ஸ்டாப்பையும் நஷ்டமில்லாமல் முடித்து ஆறாவதாக வந்தார். லாசனும் எட்டாவது. இதைப் பார்த்த வில்லியம்ஸ் அணியும் அதே வேலையில் இறங்கியது. ஆல்பனும் சைன்ஸும் முறை வைத்து ஒருவருக்கொருவர் அணை கட்டி, ஒன்பதாவது இடத்தையும் பத்தாவது இடத்தையும் வாங்கிக்கொண்டார்கள். அவர்களுக்குப் பின்னால் மாட்டிய ஜார்ஜ் ரஸல் ஒரு கட்டத்தில் பொறுமை இழந்து, சுரங்கப்பாதையைத் தாண்டி வரும் வளைவைக் குறுக்கே வெட்டி முந்திவிட்டார். தண்டனை வரும் என்று தெரிந்தே செய்தது. வந்தது.

இந்த விதி எங்கிருந்து முளைத்தது என்பதில்தான் வேடிக்கை இருக்கிறது. அதற்கு முந்தைய வருடம், 2024 மொனாக்கோவில், முதல் சுற்றிலேயே பெரிய விபத்து. சிவப்புக் கொடி காட்டி ரேஸை நிறுத்தினார்கள். அப்படி நிறுத்தும்போது இலவசமாக டயர் மாற்றிக்கொள்ளலாம். எல்லாரும் மாற்றிக்கொண்டார்கள், அதனால் மீதி ரேஸில் யாருக்கும் பிட்டுக்குப் போகிற அவசியமே வரவில்லை. முதல் பத்து பேர் எந்த வரிசையில் கிளம்பினார்களோ அதே வரிசையில் முடித்தார்கள். ஃபார்முலா ஒன் வரலாற்றில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. ரசிகர்கள் கொதித்தார்கள். "பிட் ஸ்டாப்பைக் கட்டாயமாக்குங்கள்" என்ற குரல் எல்லாப் பக்கமும் கேட்டது. எங்கள் பட்டறையிலும் கேட்டது, டயர் கடை மாப்பிள்ளை வாயால். கேட்டபடியே விதி வந்தது. நோரிஸ், லெக்ளேர், பியாஸ்ட்ரி, வெர்ஸ்டாப்பன் என்று முதல் நான்கு பேர் கிளம்பிய வரிசையிலேயே முடித்தார்கள். நடுவில் ஷேர் ஆட்டோ ஓடியது மட்டும் கூடுதல்.

"ரூலை மாத்துனா எல்லாம் சரியாயிரும்" என்பது எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளின் பல்லவி. நானும் பாடியிருக்கிறேன். பழைய சீசன்களைத் தோண்டிப் பார்த்தபோது தெரிந்தது, நாங்கள் டீ கிளாஸோடு சொன்ன யோசனைகளில் முக்கால்வாசியை ஏற்கெனவே முயன்று பார்த்திருக்கிறார்கள். அதில் ஒரு வகை உண்டு: பாயின்ட், கிளம்பும் வரிசை, பிட் ஸ்டாப் எண்ணிக்கை என்று பரிசு பங்கிடும் முறையில் கை வைப்பது. அது பெரும்பாலும் சில மாதத்தில், சில சமயம் அன்றைக்கே, பல்லிளித்துவிடும். இன்னொரு வகை, காரின் வடிவத்திலும் காற்றிலும் பணத்திலும் கை வைப்பது. அது வருடக்கணக்கில் மெதுவாக வேலை செய்யும். ரசிகர்கள் கேட்பதெல்லாம் முதல் வகை, ஏனென்றால் அதுதான் டிவியில் தெரிகிறது.

பாயின்டில் இருந்தே தொடங்கலாம். அது மாமாவின் துறை. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் கூட்டல் போடாமல் அவரால் ஒரு ரேஸ் பார்க்க முடியாது. அவருடைய கட்சி எளிமையானது: "அதிக ரேஸ் ஜெயிச்சவன் சாம்பியன். ரெண்டாவது வந்தவனுக்கு எதுக்குப்பா மார்க்கு?"

மாமாவுக்குப் பெரிய இடத்தில் துணை இருந்தது. ஃபார்முலா ஒன்னை வெகுகாலம் கையில் வைத்திருந்த பெர்னி எக்லெஸ்டன், ஒலிம்பிக்ஸ் மாதிரி பதக்கம் கொடுத்து, அதிகத் தங்கம் வாங்கியவரைச் சாம்பியனாக்கலாம் என்று சொன்னவர். காரணம் 2008. அந்த வருடம் ஃபெலிப்பே மாஸா 6 ரேஸ் ஜெயித்தார், லூயிஸ் ஹாமில்டன் 5. ஆனால் கடைசிக் கணக்கு ஹாமில்டன் 98, மாஸா 97. ஒரே ஒரு பாயின்டில் பட்டம் போனது. 2009 மார்ச்சில் சீசன் தொடங்கச் சில நாள் இருக்கும்போது, இனிமேல் அதிக வெற்றி பெற்றவரே சாம்பியன் என்று உலக மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்ஐஏ அறிவித்தேவிட்டது. அணிகள் ஒத்துக்கொள்ளவில்லை, அதே வாரத்தில் வாபஸ். அதற்குப் பதிலாக 2010இல் வந்ததுதான் முதல் மூன்று இடத்துக்கு 25, 18, 15 என்று இப்போதுள்ள கணக்கு.

2025 முடிவையும் மாமா கணக்கில் போட்டுப் பார்த்தோம். வெர்ஸ்டாப்பன் 8 வெற்றி, நோரிஸ் 7, பியாஸ்ட்ரி 7. ஆனால் பட்டம் நோரிஸுக்கு, 423க்கு 421. மாமா விதிப்படி வெர்ஸ்டாப்பன்தான் சாம்பியன். "பாத்தியா!" என்றார். சரி, அதே விதியை 2023க்குப் போட்டால்? அந்த வருடம் 22 ரேஸில் வெர்ஸ்டாப்பன் 19 ஜெயித்தார். உண்மையில் அக்டோபரில் கத்தாரில் பட்டத்தை உறுதி செய்தார். மாமா விதியில் செப்டம்பர் 3ஆம் தேதி மொன்ஸாவிலேயே கதை முடிந்திருக்கும். அவருக்கு 12 வெற்றி, அடுத்தவருக்கு 2, பாக்கி 8 ரேஸ். போட்டி நெருக்கமாக இருக்கும் வருடத்தில் அந்த விதி சூடு ஏற்றும். ஒருவரே அடித்து ஆடும் வருடத்தில் இருக்கிற கொஞ்ச சூட்டையும் அணைத்துவிடும். எந்த வருடம் எப்படி வரும் என்று ஜனவரியில் யாருக்குத் தெரியும்?

பழைய காலத்தில் இதற்கு நேர் எதிரான ஒன்றும் இருந்தது. 1990 வரைக்கும் எல்லா ரேஸ் பாயின்டும் கணக்கில் வராது, நல்லதாகச் சிலவற்றை மட்டும் எடுப்பார்கள். 1988இல் 16 ரேஸில் சிறந்த 11தான் கணக்கு. மொத்தம் கூட்டினால் அலான் ப்ரோஸ்ட் 105, அயர்டன் சென்னா 94. சிறந்த 11ஐ எடுத்தால் சென்னா 90, ப்ரோஸ்ட் 87. பட்டம் சென்னாவுக்கு. பதினொரு பாயின்ட் அதிகம் வாங்கியவர் தோற்றார். இதை முதல் தடவை கேட்டபோது மாமா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வரவு வைத்த பணத்தைக் கணக்கில் காட்டாத கிளை மேலாளரைப் பார்க்கிற முகம் அது.

பாயின்டை வைத்து விளையாடிய மற்றவற்றைச் சட்டென்று சொல்லிவிடலாம். 2014இல் அபுதாபி கடைசி ரேஸுக்கு இரட்டைப் பாயின்ட் என்றார்கள், ஒரே வருடத்தில் தூக்கிவிட்டார்கள். 2019இல் வேகமான சுற்றுக்கு ஒரு பாயின்ட் வந்தது, முதல் பத்துக்குள் முடித்திருந்தால் மட்டும். இதில் ஓட்டை கண்டுபிடித்தது 2024 சிங்கப்பூரில். பதினெட்டாவதாக ஓடிக்கொண்டிருந்த டேனியல் ரிக்கியார்டோ கடைசி நேரத்தில் புது மென் டயர் மாட்டிக்கொண்டு வந்து வேகமான சுற்றைப் போட்டார். அவருக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. ஆனால் ரேஸை ஜெயித்த நோரிஸ் கையில் இருந்த ஒரு பாயின்ட் போனது. பட்டத்துக்கு நோரிஸோடு மல்லுக்கட்டியவர் ரெட் புல்லின் வெர்ஸ்டாப்பன். ரிக்கியார்டோ ஓட்டியது ரெட் புல்லின் தம்பி அணியில். 2025 முதல் அந்தப் பாயின்ட் இல்லை.

தம்பியின் யோசனை வேறு. "அண்ணே, ஜெயிச்சவன கடைசில நிறுத்துங்க. அவன் முந்தி வரட்டும், பாப்போம்." தலைகீழ் வரிசை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஃபார்முலா டூவில் சனிக்கிழமை குறும் ரேஸில் முதல் பத்து பேரைத் திருப்பிப் போடுகிறார்கள், நன்றாகவும் இருக்கிறது. ஆனால் அங்கே எல்லாருக்கும் ஒரே கார். ஃபார்முலா ஒன்னில் ஒவ்வொரு அணியும் தானே கார் கட்டுகிறது, அதற்காகப் பல ஆயிரம் கோடி கொட்டுகிறது. நன்றாகக் கட்டியதற்குத் தண்டனை என்றால் யார் ஒத்துக்கொள்வார்கள்? 2020இல் இதை, கிளம்பும் வரிசையைத் தீர்மானிக்கிற குவாலிஃபையிங்குக்குப் பதிலாகச் சில இடங்களில் வைத்துப் பார்க்கலாம் என்று பேச்சு வந்தபோது, அப்போது உச்சத்தில் இருந்த மெர்சிடிஸ் எதிர்த்தது, பேச்சு அதோடு நின்றது. என் சந்தேகம் வேறு. முந்திய ரேஸின் முடிவை வைத்து வரிசையைத் திருப்பினால், ஆறாவதாக முடிப்பதைவிடப் பதினோராவதாக முடிப்பது லாபமாகிற நாள் ஒன்று வரும். அன்றைக்கு மொனாக்கோ ஷேர் ஆட்டோ எல்லா ஊருக்கும் ஓட ஆரம்பிக்கும்.

குவாலிஃபையிங்கில் கை வைத்து சூடு பட்ட கதையும் உண்டு. 2016இல் புது முறை கொண்டுவந்தார்கள். ஒன்றரை நிமிடத்துக்கு ஒருவர் வெளியேற வேண்டும், கடைசியில் இரண்டு பேர் மோதுவார்கள், உச்சக்கட்டம் என்று. காகிதத்தில் பிரமாதம். மெல்போர்னில் என்ன ஆனதென்றால், கடிகாரத்தைத் தாண்டி நேரத்தைக் குறைக்க முடியாது என்று கணக்குப் போட்ட அணிகள் சில நிமிடம் இருக்கும்போதே காரை உள்ளே நிறுத்திவிட்டன. உச்சக்கட்ட நேரத்தில் தடத்தில் ஆளே இல்லை. காலித் தார் ரோட்டுக்குச் செக்கர் கொடி ஆட்டினார்கள். பஹ்ரைனில் இன்னொரு தடவை செய்து பார்த்துவிட்டு, மூன்றாவது ரேஸுக்குப் பழைய முறைக்கே திரும்பிவிட்டார்கள்.

செயற்கை மழையைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டாம். தடத்தில் தண்ணீர் தெளிக்கலாம் என்று 2011இல் எக்லெஸ்டனே சொன்னதுதான். மாநகராட்சி லாரி வைத்திருக்கிற எந்த ஊருக்கும் இது புது யோசனை இல்லை.

டயர், பெட்ரோல் பக்கம் வந்தால் மாப்பிள்ளை எழுந்து நின்றுவிடுவார். நடுவில் பெட்ரோல் போடுவதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது அவர் கட்சி. 1994 முதல் 2009 வரை அது இருந்தது. கார் லேசாகப் பறக்கும், எத்தனை தடவை நிற்பது என்று மூளையை வைத்து விளையாடலாம். 2004 பிரெஞ்சு கிராண்ட் பிரிக்ஸில் மைக்கேல் ஷூமாக்கர் நான்கு தடவை நின்று ஜெயித்ததை மாப்பிள்ளை இன்றைக்கும் சொல்லுவார். அவர் சொல்லாமல் விடுவது, அந்தக் காலத்தில் முந்துவதே தடத்தை விட்டுப் பிட்டுக்குள் போய்விட்டது என்பதை. முன்னால் போகிறவரைத் துரத்தி ஏன் டயரைத் தேய்க்க வேண்டும்? இரண்டு சுற்று தள்ளி நின்றால் தானாக முந்திவிடலாம். ஆபத்து வேறு. 1994 ஹாக்கன்ஹைமில் பெட்ரோல் சிந்தி, இன்றைய மாக்ஸின் அப்பா யோஸ் வெர்ஸ்டாப்பனின் கார் மொத்தமாகத் தீப்பிடித்தது. 2008 சிங்கப்பூரில் முதலாவதாக ஓடிய மாஸா, பெட்ரோல் குழாயைக் கழற்றும் முன்பே கிளம்பி, குழாயை இழுத்துக்கொண்டே ஓடினார். ஒரு பாயின்டில் பட்டத்தை விட்டாரே, அதே வருடம்.

டயருக்கு வரம்பு வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2025 கத்தார் நல்ல பாடம். அங்கே ஒரு செட் டயரில் 25 சுற்றுக்குமேல் ஓடக்கூடாது என்று பாதுகாப்புக்காக விதி. ரேஸ் 57 சுற்று. ஐம்பத்தேழில் ஐம்பது போனால் ஏழு. ஏழாவது சுற்றில் பிட்டுக்கு வந்தால், மீதி ஐம்பதையும் கச்சிதமாக இரண்டு செட்டில் முடித்துவிடலாம். விபத்து நடந்து சேஃப்டி கார் வந்தது எத்தனையாவது சுற்றில்? ஏழாவதில்! எல்லாரும் மெதுவாகப் போகும் அந்த நேரத்தில் டயர் மாற்றினால் நஷ்டம் குறைவு. ஏறக்குறைய மொத்த வரிசையும் பிட்டுக்குள் நுழைந்தது. முன்னால் ஓடிய பியாஸ்ட்ரி, நோரிஸ் இருவரின் மெக்லாரன்களும் வெளியே போய்க்கொண்டே இருந்தன. மாமா காலண்டர் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு, "டேய், ஏழுடா!" என்று டிவியைப் பார்த்துக் கத்தினார். வெர்ஸ்டாப்பன் ஜெயித்தார், பியாஸ்ட்ரி இரண்டாவது, நோரிஸ் நான்காவது. யாரும் திட்டமிடாத நாடகம். ஒத்துக்கொள்கிறேன், அன்றைக்கு எங்களுக்கு நன்றாகப் பொழுது போனது. ஆனால் தடத்தில் ஒருவரை ஒருவர் முந்தியதால் கிடைத்த நாடகம் இல்லை அது, கழித்தல் கணக்கில் கிடைத்தது.

விதியும் டயரும் சேர்ந்து நமக்கு ஒரு நல்லதும் செய்திருக்கின்றன, அதை விட்டுவிடக் கூடாது. 2005இல் ரேஸ் முழுக்க ஒரே செட் டயரில் ஓட வேண்டும் என்று விதி. அமெரிக்காவில் இண்டியானாபோலிஸில், சரிவான அதிவேக வளைவில் மிஷெலின் டயர்கள் தாங்காது என்று தெரியவந்து, அந்த டயர் போட்ட ஏழு அணிகளின் 14 கார்களும் ரேஸ் தொடங்கும் முன்பே உள்ளே திரும்பிவிட்டன. மீதி ஆறு கார்கள் மட்டும் ஓடின. அந்த ஆறில் ஒன்று நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனின் ஜோர்டன். நான்காவது இடம், ஐந்து பாயின்ட். ஃபார்முலா ஒன்னில் ஓர் இந்தியர் எடுத்த பாயின்ட் அவ்வளவுதான்.

அப்படியானால் எதை மாற்றினால்தான் வேலை செய்யும்? அதற்கு மேலூர் ரோட்டுக்குப் போக வேண்டும்.

நாலுவழிச் சாலையில் பைக்கில் போகும்போது அரசு பஸ்ஸுக்குப் பின்னால் ஒட்டிப் போயிருக்கிறீர்களா? செய்யாதீர்கள், ஆனால் செய்தவர்களுக்குத் தெரியும். முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். எதிர்க்காற்றை பஸ் வாங்கிக்கொள்கிறது, நமக்கு ஆக்ஸிலேட்டர் மிச்சம். ஆனால் கொஞ்சம் விலகி முந்தப் பார்த்தால், பஸ்ஸின் ஓரத்தில் சுழல்கிற காற்று வந்து ஹேண்டில்பாரில் அறையும். வண்டி நம் கையில் இருக்காது. ஃபார்முலா ஒன் காருக்கும் இதேதான், பல மடங்கு பெரிதாக. நேர் ரோட்டில் முன்னால் ஒரு கார் போனால் பின்னால் வருகிறவருக்கு லாபம். வளைவில் நஷ்டம். ஏனென்றால் வளைவில் காரைத் தரையோடு அழுத்திப் பிடிப்பது விங்கிலும் அடித்தட்டிலும் ஓடுகிற சுத்தமான காற்று. முன் கார் அதைக் கலக்கி அனுப்பினால் பின் காருக்குப் பிடிப்பு போகும், வழுக்கும், டயர் சூடாகும், இரண்டு சுற்றில் பின்வாங்க வேண்டியதுதான். ரேடியோவில் ஓட்டுநர்கள் அழுக்குக் காற்று என்று புலம்புவது இதைத்தான்.

2021 வரை இருந்த கார்கள், முன் காருக்கு 20 மீட்டர் பின்னால் வந்தால் அந்த அழுத்தத்தில் 35 சதவீதத்தையும், 10 மீட்டருக்கு வந்தால் 46 சதவீதத்தையும் இழந்தன. பாதி பிடிப்போடு வளைவில் எப்படி ஒட்டி வருவது? 2022இல் காரின் வடிவத்தையே மாற்றினார்கள். மேலே இருக்கிற விங்குகளைவிட அடித்தட்டுக்குக் கீழே ஓடும் காற்று காரை உறிஞ்சிப் பிடிக்கிற மாதிரி. 1982க்குப் பிறகு தடை செய்யப்பட்டிருந்த பழைய வித்தை அது. இழப்பு 20 மீட்டரில் 4 சதவீதமாகவும் 10 மீட்டரில் 18 சதவீதமாகவும் குறையும் என்று வடிவமைத்தவர்கள் கணக்குக் காட்டினார்கள். முதல் வருடம் ஒட்டி ஓட முடிந்தது, கண்ணால் பார்த்தோம். கூடவே கார்கள் நேர் ரோட்டில் தவளை மாதிரி துள்ளின, அது தனிக் கதை. அப்புறம் அணிகளின் ஆட்கள் சும்மா இருப்பார்களா? முன் விங்கால் காற்றை வெளிப்பக்கம் தள்ளுகிற நுணுக்கங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டுபிடித்தார்கள். அது அவர்களுக்கு வேகம், பின்னால் வருகிறவருக்கு அழுக்கு. 2025 வந்தபோது பழைய புலம்பல் பாதி திரும்பிவிட்டது.

இந்த நோய்க்கு 2011இல் கொடுத்த மாத்திரைதான் டிஆர்எஸ். ஒரு விநாடிக்குள் நெருங்கினால் பின் விங்கின் மடலைத் திறந்துகொண்டு முந்தலாம். காய்ச்சலைக் குறைத்தது, நோய் அப்படியே இருந்தது. முந்துவது சில தடங்களில் ரிங் ரோட்டில் லாரியை முந்துகிற மாதிரி சுலபமாகவும் போய்விட்டது. 2026 விதிகளில் டிஆர்எஸ் கிடையாது. நேர் ரோட்டில் எல்லாக் காருமே முன் பின் விங்குகளைத் தட்டையாக்கிக்கொள்ளலாம். நெருங்கி வருகிறவருக்குக் கூடுதலாக மின்சக்தி. இன்ஜினின் மொத்தச் சக்தியில் பாதி அளவுக்கு மின்சாரத்தில் இருந்து வருகிறது, எரிபொருள் முழுக்கப் பெட்ரோலியம் அல்லாத மூலங்களில் இருந்து. இதையும் எங்கே ஓட்டை என்று தேடத்தான் செய்வார்கள். அது அவர்கள் வேலை.

பணத்தில் கை வைத்தது இன்னும் சத்தமில்லாமல் நடந்தது. எனக்கு அதுதான் பிடித்த விதி, ஏனென்றால் அது நம்மூர் விதி. மேலூர், சிவகங்கைப் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெரிய மாடு, சின்ன மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று அளவு பார்த்துப் பிரித்துத்தான் ஓட விடுவார்கள். போகவர எட்டு மைல், ஆறு மைல் என்று தூரமும் மாறும். பூஞ்சிட்டைக் கொண்டுபோய்ப் பெரிய மாட்டோடு பூட்டிவிட்டு, "ரேஸ் போர் அடிக்குது, பாயின்ட் முறையை மாத்துங்க" என்று யாரும் சொல்வதில்லை. ஃபார்முலா ஒன் வெகுகாலம் அப்படித்தான் இருந்தது. பெரிய அணிகள் செலவழித்ததில் பாதிகூடச் சின்ன அணிகளிடம் கிடையாது. 2021இல்தான் செலவுக்கு உச்சவரம்பு வந்தது: வருடத்துக்கு 145 மில்லியன் டாலர், பிறகு படிப்படியாக 135க்கு. ஓட்டுநர் சம்பளம் மாதிரிச் சில செலவுகள் இதில் சேராது. மீறினால் அடியும் உண்டு. 2021 கணக்கில் மீறியதற்காக ரெட் புல்லுக்கு 7 மில்லியன் டாலர் அபராதமும், காற்றுச் சோதனை நேரத்தில் 10 சதவீத வெட்டும் விழுந்தன.

காற்றுச் சோதனை நேரம் என்பதில்தான் சூட்சுமம். காற்றுச் சுரங்கத்தில் மாதிரிக் காரை வைத்துச் சோதிக்க ஒவ்வோர் அணிக்கும் நேர ஒதுக்கீடு உண்டு. 2022 முதல் முதலிடத்து அணிக்கு அடிப்படை அளவில் 70 சதவீதம், இரண்டாவதுக்கு 75, இப்படி ஐந்தைந்தாக ஏறிப் பத்தாவதுக்கு 115. ஜெயித்தவரைக் கடைசியில் நிறுத்துங்கள் என்று தம்பி கேட்டான் இல்லையா, அதைத்தான் செய்திருக்கிறார்கள். ரேஸ் தடத்தில் இல்லை, ஆய்வுக்கூடத்தில். அதனால் யாரும் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டுவதில்லை, பரிசுப் பணம் போய்விடும். 2023 தொடக்கத்தில் கடைசி வரிசைகளில் தடுமாறிக்கொண்டிருந்த மெக்லாரன், 2024இல் அணிப் பட்டத்தை 26 வருடத்துக்குப் பிறகு வாங்கியது. இந்த ஒதுக்கீட்டால் மட்டும் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பணத்தை மட்டும் வைத்து அடிக்கிற காலத்தில் அது நடந்திருக்காது.

ரசிகர்கள் கையிலேயே ரேஸைக் கொடுத்துப் பார்த்ததும் உண்டு. மின்சாரக் கார்களின் ஃபார்முலா ஈ, 2014இல் தொடங்கியபோது ஃபேன்பூஸ்ட் என்று ஒன்று வைத்தது. ரசிகர்கள் ஓட்டுப் போடலாம், அதிக ஓட்டு வாங்கிய ஓட்டுநர்களுக்குச் சில விநாடி கூடுதல் சக்தி. யாருக்குப் போனில் அதிக ஆள் இருக்கிறார்களோ அவர்களுக்கே திரும்பத் திரும்பக் கிடைத்தது. மூன்றாம் தலைமுறைக் கார் வந்தபோது சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். நம்ம ஊர் நட்சத்திர ரசிகர் மன்றங்களிடம் அது சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கே பயம்.

விதியை எழுதுவது எஃப்ஐஏ. ஆனால் அணிகளும் வணிக உரிமை வைத்திருக்கிற நிறுவனமும் உட்காருகிற ஆணையத்தில் ஓட்டுக்கு வந்த பிறகுதான் அது மேலே போகும். ஃபெராரிக்கு மட்டும் தடுப்பு அதிகாரம் ஒன்று வெகுகாலமாக உண்டு. இன்றைக்கு ஜெயிக்கிறவர் மாற்றத்தை எதிர்ப்பார், தோற்கிறவர் ஆதரிப்பார், அடுத்த வருடம் இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். எக்லெஸ்டனாலேயே பதக்கத்தைக் கொண்டுவர முடியவில்லை என்றால் நாங்கள் எம்மாத்திரம்.

இவ்வளவுக்கும் அடியில் ரசிகர்கள் உண்மையில் கேட்பது என்ன என்று யோசித்தால், பாலமேடுதான் ஞாபகம் வருகிறது. வாடிவாசலில் இருந்து ஒரே பாய்ச்சலில் யார் கையிலும் படாமல் ஓடிவிடுகிற காளை ஜெயித்த காளைதான். பரிசு உண்டு. ஆனால் கூட்டம் எழுந்து நிற்பது அதற்கு இல்லை. திரும்பி நின்று, மண்ணைக் கிளறி, வருகிறவனை எல்லாம் பார்த்துக்கொண்டு நின்று விளையாடுகிற காளைக்குத்தான். அதை எந்த விதியும் போட்டு வரவழைக்க முடியாது. ஒருவர் மட்டும்தான் திமிலைப் பிடிக்க வேண்டும், இரண்டு பேர் பிடித்தால் பரிசு இல்லை என்று விதி வைக்கலாம். அது வீரனையும் காளையையும் ஒற்றைக்கு ஒற்றையாக நிறுத்தும். அதற்குமேல் காளை விட்ட வழி.

அண்ணன் இத்தனை நாளில் ஒரே ஒரு யோசனைதான் சொல்லியிருக்கிறார். அதுவும் வாயால் இல்லை. மொனாக்கோ ரேஸ் முடிந்த அன்று, பட்டறையில் இருந்த சாக்பீஸையும் டேப்பையும் எடுத்துத் தரையில் கோடு போட்டார். நீளம் ஐந்தரை மீட்டர், அகலம் இரண்டு. லேத்தை ஒட்டி ஆரம்பித்த கோடு ஷட்டரைத் தாண்டித் தெருவுக்குப் போய், நிறுத்தியிருந்த மாமாவின் டிவிஎஸ் ஃபிஃப்டிக்குக் கீழே முடிந்தது. "இத வச்சுக்கிட்டு அந்தச் சந்துல எப்படிய்யா முந்துவான்?" என்றார்.

தம்பி போனில் தேடி, 1988 சென்னா காரின் அளவைச் சொன்னான். நீளம் ஏறக்குறைய நாலரை மீட்டர்தான். ஆனால் அகலம் இரண்டுக்கும்மேல். அது எங்கள் யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்துக் கார் சின்னது என்று நாங்கள் நினைத்தது நீளத்தில் உண்மை, அகலத்தில் பொய். எடையில்தான் நிஜமான வித்தியாசம்: அப்போது குறைந்தபட்சம் 540 கிலோ, ஓட்டுநரைச் சேர்க்காமல். 2025இல் ஓட்டுநரோடு 800.

2026 விதிகள் வந்ததும் அண்ணன் ஞாபகமாகக் கோட்டை மறுபடி போட்டார். சக்கரங்களுக்கு இடையிலான நீளத்தில் 20 சென்டிமீட்டர் குறைவு, அகலத்தில் 10. எடை 768 கிலோ. டேப்பை இழுத்துப் பிடித்துப் புதுக் கோட்டைக் கிழித்தார். இந்தத் தடவையும் தெருவுக்குத்தான் போனது. ஆனால் மாமா வண்டியை நகர்த்த வேண்டியிருக்கவில்லை.